தொழுமரம் திருடிய வழக்கு

மகனே,

நீ அனுப்பிய கடுதாசி வந்தது. உன் தங்கச்சி புருஷன் அதைப் பிரித்து, இந்தக் கணியம்பாடித் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாததா? மச்சானுக்குப் பதவி வந்துவிட்டது, அந்தச் சந்தோஷம். அவர் முடித்ததும் நான் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த வருஷமும் பாலாற்று வெள்ளம் அங்கே நம் தெருவுக்குள் பூந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பஞ்சாயத்துக் கோர்ட்டில் நம் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலியை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ‘வெள்ளத்தால் சீர்குலைந்த நீதியையும் ஒழுங்கையும் மீண்டும் நிலைநாட்டும் பெரும்பொறுப்பு என் தோள்மேல் விழுந்துள்ளது’ என்று வேறு எழுதியிருக்கிறாய். அடேயப்பா. தண்ணீர் வடிந்து சேறுகூடக் காயவில்லை, அதற்குள் இவ்வளவு பெரிய பேச்சு எங்கேயிருந்து வந்தது உனக்கு? பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் நீ. போன மாசம் வரைக்கும் எனக்கு எழுதினால், இருமல் விட்டுதா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாய்.

விஷயம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நம் தெருக்காரர்கள் மூன்று பேர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள், வெள்ளத்தில் மிதந்து வந்த ஷாப்புத் தோல்களைப் பிடித்து வீட்டில் வைத்திருந்தார்களாம். முதலாளி பிராது கொடுத்திருக்கிறாராம். வருகிற திங்கட்கிழமை விசாரணை, நடுநாற்காலியில் நீதான் உட்காரப் போகிறாய், தீர்ப்பும் நீதான் சொல்லப் போகிறாய். ‘அம்மா அவசியம் வந்து முன்வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும்’ என்று கூப்பிட்டிருக்கிறாய். மற்ற மெம்பர்கள் எல்லாரும் பெருந்தன்மையாக உனக்கு வழிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருந்தன்மையா? நாலு தலைமுறையாக ஒரு பெஞ்சியில்கூட நமக்கு இடம் விடாத ஆளுங்க, ராத்திரியோடு ராத்திரியாகப் பெருந்தன்மைக்காரர்கள் ஆகிவிட்டார்களா? அவர்கள் வாயால் சொன்னால் ஊர்க்காரன் சேரிக்காரனை உள்ளே தள்ளினான் என்று நாளைக்கு யாராவது பேசுவான். உன் வாயால் சொல்ல வைத்தால் பேச்சே இல்லை. அதற்குத்தான் அந்த நடுநாற்காலி. இது புரியாத பிள்ளைக்கா நான் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்த கூலியில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினேன்?

கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் மேலே படி. உங்க நைனா ஜெயிலுக்குப் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும், அதுவும் ஊரார் வாயால் கேட்ட பாதி. தோல் திருடினார், உள்ளே போனார் என்று உன்னோடு படித்த பிள்ளைகள் சொன்னதாக நீ அழுதுகொண்டு வந்திருக்கிறாய். அன்றைக்கு உன் மூக்கைத் துடைத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்கு அதே மாதிரி ஒரு வழக்கு உன் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அந்த மூன்று பேர் ஜெயிலுக்குப் போவார்களா மாட்டார்களா என்பது உன் வாயில் இருக்கிறது. அதனால் முழுக்கதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்.

அப்போது நீ என் இடுப்பில் இருந்த பிள்ளை. ஷாப்பு ஆற்றோரம் இருந்தது, நம் குடிசைகள் அதையும்விடத் தாழ்வில் இருந்தன. உங்க நைனா சுண்ணாம்புக் குழியில் வேலை, நான் பட்டை இடிக்கிற கொட்டகையில். மேற்கே எங்கேயோ ஏரிகள் உடைந்து, விடியற்காலையில் ஆறு சுவர் மாதிரி எழுந்து வந்தது. உன்னையும் ஒரு பானையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் ஊருக்கு வடக்கே இருந்த மேட்டுக்கு ஓடினோம். குடிசை போயிற்று, ஷாப்புச் சுவர் போயிற்று, ஊறவைத்த தோல் எல்லாம் குழியோடு கிளம்பிப் போயிற்று. கிராம முனிசீப்பு உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற சாவடியும் போயிற்று. சாவடிக்கு முன்னால் இருந்த தொழுமரமும் அதோடு போயிற்று. உன் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு நீளக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தில் பூட்டு மாட்டி வைத்திருப்பார்கள். கால் இரண்டையும் அதில் விட்டுப் பூட்டினால் ஆள் நகர முடியாது, வெயிலில் கிடக்க வேண்டியதுதான். முனிசீப்பு நினைத்தால் மாட்டலாம். அதிலும் சேரிக்காரனைத்தான் மாட்டலாம், ஊர்க்காரனை மாட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இப்போது அதை எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எடுத்தது இருக்கட்டும், எழுதும்போது எந்தப் புண்ணியவானுக்குக் கை கூசியது?

நீ எழுதியிருக்கிறாயே, வெள்ளத்தால் நீதி சீர்குலைந்தது என்று. நான் அந்த மேட்டில் இருந்தவள். அதிகாரி யாரும் எட்டிப் பார்க்காத நாட்கள் அவை. நம் தெரு ஜனங்கள், கொல்லையில் பயிர் வைக்கிற ஜனங்கள் கொஞ்சம் பேர், குதிரையோடு வந்து சேர்ந்த ஜட்கா ஓட்டுகிற பாய், எல்லாரும் ஒரே இடத்தில் கிடந்தோம். மிஷன் பாதிரி ஐயர் அனுப்பிய அரிசியில் ஒரே கொப்பரையில் கஞ்சி காய்ச்சினோம். பிள்ளைக்காரிகளுக்கு முதலில், கிழங்களுக்கு அப்புறம், மற்றவர்கள் கடைசி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தன் மட்டும் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் வந்து வாங்கிக் குடித்தான். பெண்கள் பார்த்துவிட்டோம். உதைக்கலாம் என்றான் ஒருத்தன். உங்க நைனா, “ஒதச்சா இன்னா ஆவும்? நாளைக்கு அவன் கையில அகப்பயக் குடு” என்றார். மறுநாள் அவன்தான் எல்லாருக்கும் ஊற்றினான். அத்தனை கண்ணும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி ஏமாற்றுவான்? கடைசியில் தன் பங்குக்கு அடிக்கஞ்சிதான் மிஞ்சியது, அதைக் குடித்துவிட்டு அகப்பையைக் கழுவி வைத்தான். அதற்கு மேல் அவன் ஒழுங்கு. முனிசீப்பும் இல்லை, தொழுமரமும் இல்லை, நியாயம் மட்டும் இருந்தது. நீதி சீர்குலைந்தது எல்லாம் அதிகாரி வந்து சேர்ந்த பிறகுதான்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் தோல்கள் முள்வேலியிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தோம். எல்லாம் நம் ஷாப்புத் தோல்தான், வாலடியில் கத்தியால் கீறிய அடையாளம் இருந்தது. பச்சைத் தோல் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நாற்றத்தில் பிறந்தவன் நீ. உங்க நைனாவுக்கு அதைப் பார்த்ததும் இருப்புக் கொள்ளவில்லை. குடிசை போனபோதுகூட அவர் அப்படித் தவிக்கவில்லை. இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பளவு சேற்றில் இறங்கி, ஒவ்வொன்றாக இழுத்து வந்து மேட்டில் அலசிப் போட்டார். அலசினால் போதுமா, உப்பு வேண்டாமா? கஞ்சிக்கென்று சர்க்கார் அனுப்பிய உப்பு மூட்டை இருந்தது. அதில் கை வைத்தார். நான் தடுத்தேன். “அதுங்களுக்கு இன்னா அவசரம், மொதலாளி வந்து பாத்துக்குவாரு, நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு” என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவரு வர்றதுக்குள்ள புழு வெச்சிடும். ரெண்டு நாளு கஞ்சி சப்புன்னு இருந்தா செத்தா பூடுவ?” என்றார். மேட்டில் இருந்த அத்தனை பேரும் உப்புக் கம்மியான கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஊரான் தோலுக்கு உப்புத் தடவினோம். உலகத்தில் இப்படி ஒரு முட்டாள் ஜனங்களை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? திருடுகிறவன் இப்படியா திருடுவான்? மேட்டின் உச்சியில், ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி அடுக்கி வைத்தா?

அப்புறம் நீதி வந்தது. முனிசீப்பு ஊருக்குள் தன் மாடி வீட்டில் பத்திரமாக இருந்துவிட்டு, செருப்பில் சேறு ஒட்டாத அளவுக்குத் தரை காய்ந்ததும் வந்தார். அவரோடு தச்சனும் வந்தான், ஒரு வண்டி மரமும் வந்தது. குடிசை போனவர்களுக்குக் கால் நட்டுக் கூரை போடச் சொல்லி மேலே இருந்து அனுப்பிய மரம் அது. பெண்களெல்லாம் வண்டியைச் சுற்றிக்கொண்டு எது யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முனிசீப்பு அதில் நல்ல கனமாக, கோணல் இல்லாமல் இருந்த கட்டைகளைப் பொறுக்கி எடுக்கச் சொன்னார். சாவடிக்குப் போல என்று நினைத்தோம். சாவடிக்கு அவசரமில்லையாம். “மொதல்ல தொழுமரம் போடு. அது இல்லாம இந்த ஊரு அவுத்து விட்ட மாடு மாதிரி திரியுது” என்றார். கிணறு தூர்ந்து கிடந்தது, பிள்ளைகள் ஈரத்தில் படுத்துக் காய்ச்சல் கண்டுகொண்டிருந்தார்கள், பிணம்கூட எல்லாம் எடுத்து முடியவில்லை. அந்த ஊரில் முதலில் எழுந்து நின்ற கட்டடம் எது தெரியுமா? தொழுமரம். தூ. ஒரு மனுஷன் மனசு எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டுமானால், கையில் மரம் கொடுத்து முதலில் என்ன செய்கிறான் என்று பார்த்தால் போதும்.

செய்துவிட்டால் சும்மா விடுவாரா, ஆள் மாட்ட வேண்டாமா? மேட்டில் தோல் அடுக்கியிருக்கும் சேதி அவருக்குப் போயிருந்தது. உங்க நைனாவைக் கூப்பிட்டு விட்டார். இவர் சந்தோஷமாகப் போனார், முதலாளியிடம் சேர்ப்பிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு. நானும் பின்னாலேயே போனேன். “தோல எடுத்தது நீதானா?” என்று கேட்டார். “ஆமாங்க, ஒண்ணுகூட அழுவல” என்றார் இவர், பெருமையாக. “உப்பு யாரு குடுத்தது?” என்று கேட்டார். கஞ்சி உப்பு என்றதும் முனிசீப்பு முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. “சர்க்கார் உப்பு போட்டது உன் வாய்க்கு, தோலுக்கு இல்ல. திருடுற எண்ணம் இல்லன்னா அது கெடாம இருக்கணும்னு உனக்கு எதுக்கு இவ்ளோ அக்கற?” என்றார். அவ்வளவுதான். தலையாரி பிடித்துத் தள்ள, புதுத் தொழுமரத்தில் முதல் ஆளாக உங்க நைனா காலை விட்டார்கள். நம் குடிசைக்கு வந்த கட்டையில்தான் அவர் காலை மாட்டினார்கள் என்பதையும் தெரிந்துகொள். பூட்டிய சாவியை முனிசீப்பு அரைஞாணில் சொருகிக்கொண்டார்.

பகல் உச்சிக்கு வந்த நேரம். மேற்கே இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், இன்னொரு ஏரி உடைந்துவிட்டது, தண்ணீர் வருகிறது என்று. முதலில் ஓடியவர் யார் என்று நினைக்கிறாய்? அரைஞாணில் சாவியோடு முனிசீப்பு. அவருக்குப் பின்னால் தலையாரி. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன், சாவியைக் கொடுங்க சாமி, சாவியைக் கொடுங்க என்று. அவர் திரும்பவில்லை. ஒரு பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம்கூட அவருக்கு இல்லை. ஒரு ஆள் உயிரோடு கால் மாட்டிக்கொண்டு கிடக்கிறான், அவனுக்கு நேராக ஆறு வருகிறது, சட்டத்தைக் காப்பாற்ற வந்தவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

நான் மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஆண்கள் பாதிப் பேர் பிணம் தேடப் போயிருந்தார்கள். வந்தது பெண்கள்தான், பட்டை இடிக்கிற என் கூட்டாளிகள், சேற்றிலிருந்து மீட்டு வைத்திருந்த அவரவர் உலக்கையோடு. பூட்டை உடைக்கப் பார்த்தோம், முடியவில்லை. ஒருத்திதான், “பூட்ட ஒடைக்க வேணாம்டி, மரத்தயே பேத்துடலாம்” என்றாள். தச்சன் ஈர வண்டலில் அவசரமாக நட்டது, ஆழமில்லை. உலக்கையை அடியில் கொடுத்து நெம்பினோம், கிளம்பிவிட்டது. கட்டையை நாலு பேர் பிடித்தார்கள், அவர் தோளை இரண்டு பேர் பிடித்தார்கள், உன்னை அவர் நெஞ்சின்மேல் படுக்க வைத்துவிட்டு நானும் ஒரு பக்கம் கை கொடுத்தேன். பிணம் தூக்குகிற மாதிரி அவரைத் தொழுமரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போதும் அவருக்கு வாய் சும்மா இல்லை. “பாத்து தூக்குங்கடி, சர்க்கார் சொத்து” என்றார். நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் சாவடி இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

தண்ணீர் போனதும் முனிசீப்பு மறுபடி வந்தார். வந்தவர் உங்க நைனா முகத்தைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தார், உடைந்திருக்கிறதா என்று. உடையவில்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினோம். டிப்டி தாசில்தார் வந்து பார்க்கிற வரைக்கும் இருந்த நிலையிலேயே இருக்கட்டும் என்றார். சாயங்காலம் டிப்டி தாசில்தார் பாய் ஓட்டிய ஜட்காவில் வந்து இறங்கினார். படித்தவர், கண்ணாடி போட்டவர், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. மேட்டின் உச்சியில் ஒரு பக்கம் உப்புப் போட்ட தோல், இன்னொரு பக்கம் தொழுமரத்தில் கால் மாட்டிக்கொண்டு ஒரு ஆள், நடுவில் கஞ்சிக் கொப்பரை. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? “இந்த மரத்தை இடம் மாற்ற யார் உத்தரவு கொடுத்தது?” தண்ணீர் உத்தரவு கொடுத்தது என்று நான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. முனிசீப்பு கையோடு ரிப்போர்ட்டு வைத்திருந்தார். தோல் திருடியதற்கு உங்க நைனா மேல் ஒரு வழக்கு. சர்க்கார் தொழுமரத்தைத் திருடியதாகவும், காவலில் இருந்த ஆளைக் கடத்தியதாகவும் எங்கள் மேல் ஒரு வழக்கு. நான் பொய் சொல்லவில்லை மகனே. உன் அம்மா தொழுமரம் திருடிய குற்றவாளி.

கோர்ட்டுக் கட்டடத்திலும் தண்ணீர் பூந்திருந்ததால், விசாரணையைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள், விசாரித்ததும் அந்த டிப்டி தாசில்தார் கண்ணாடிக்காரர்தான். வெளியே வெயிலில் கோர்ட்டுக் காகிதங்களையெல்லாம் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் கல் வைத்து, காவலுக்கு ஒரு ஆளும் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஈரத்துணியோடு அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. காகிதத்துக்கு இருந்த கரிசனம் பிள்ளைகளுக்கு இல்லை. உள்ளே முன்வரிசையில் முதலாளிக்கு நாற்காலி போட்டிருந்தது. மேட்டில் இருந்த தோலையெல்லாம் அவர் முன்னாடியே ஆள் விட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உப்புப் போட்டிருந்ததால் ஒன்றுகூடப் பழுதில்லை, வேலைக்கும் போட்டாயிற்று. சாட்சிக்கென்று ஒரே ஒரு தோலைக் கோர்ட்டு வைத்துக்கொண்டது. அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முனிசீப்பு அதன் உப்பை நன்றாகக் கழுவச் சொல்லி, சுருட்டி மூலையில் போட்டு வைத்திருந்தார்.

உங்க நைனாவை நிறுத்திக் கேட்டார்கள். “தோல் உன்னுடையதா?” “இல்லீங்க.” “பின் ஏன் உப்புப் போட்டாய்?” “போடலன்னா அழுவிப் பூடும்ங்க.” “அழுகினால் உனக்கு என்ன நஷ்டம்?” நஷ்டம் இல்லை என்றால் ஏன் செய்தாய் என்பார்கள், நஷ்டம் உண்டு என்றால் திருடன் என்பார்கள். அதெல்லாம் அவருக்கு ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, “தோல அழுவ விடக் கூடாதுங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜட்கா பாய் தானாக முன்னால் வந்தார், யாரும் அவரைக் கூப்பிடவில்லை. “ஹுஜூர், நான் கண்ணால பாத்தேன். மொதலாளி பொருள காப்பாத்தத்தான் செஞ்சாங்க. எங்க கஞ்சியில உப்பு கம்மியாச்சு, அதுவும் எனக்குத் தெரியும்” என்றார். “இவன் மனசுக்குள் போய்ப் பார்த்தாயா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர். முனிசீப்பு மனசுக்குள் யாராவது போய்ப் பார்த்தார்களா என்று அந்தக் கோர்ட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் சாட்சித் தோலைக் கொண்டுவரச் சொன்னார்கள். பியூன் சுருளைப் பிரித்தான். பள்ளிக்கூடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. உப்பைக் கழுவிய தோல், நாலு நாள் மூலையில் கிடந்தால் சந்தனமா மணக்கும்? புழு நெளிந்தது. எங்களிடம் இருந்த தோல் எல்லாம் நன்றாக இருந்தது, சர்க்கார் காவலில் இருந்த தோல் மட்டும் அழுகியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உங்க நைனா பதறிப்போய், “சாமி, அதுக்கு உப்பு போடுங்க சாமி” என்று இரண்டடி முன்னால் வந்துவிட்டார். தன் மேல் இருக்கிற வழக்கு மறந்துபோய் அந்தத் தோலுக்காகக் கெஞ்சினார். சேவகன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கண்ணாடிக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, அதைத் தூக்கி வெளியே எறியச் சொன்னார். எறிந்ததும் ஜெயில் என்று தீர்ப்பு எழுதினார்.

இத்தனைக்கும் நடுவில் முதலாளி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து ஒரு வார்த்தை, என் தோலை இவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தால் வழக்கே இல்லை. ஷாப்புக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் முனிசீப்பு நிலத்தின் வழியாக வருகிறது, அவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. பொருள் அவருடையது, ஆனால் கேள்வி எல்லாம் எங்களுக்கு. பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பி வைத்தார். நான் திருப்பி அனுப்பினேன். பசிதான், ஆனாலும் திருப்பி அனுப்பினேன். எங்கள் வழக்கில், இவர்கள் ஒன்றும் தெரியாத பெண்கள், எச்சரித்து விடப்படுகிறார்கள் என்று தீர்ப்பு. ஒன்றும் தெரியாத பெண்கள்! ஆறு வருகிறது என்றால் ஆளைத் தூக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

உங்க நைனா வேலூர் ஜெயிலில் இருந்து திரும்பி வந்து, மறுபடி அதே சுண்ணாம்புக் குழிக்குத்தான் போனார். உன் தங்கச்சி பிறந்தாள். சிரிப்பும் பேச்சும் ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் சில வருஷம் கழித்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஜாஸ்தியாகி, தோல் மிதந்து வருகிறது என்று தெருவே ஓடியபோது, அவர் வீட்டுக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது. ஜெயிலுக்குப் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அடுத்தவன் பொருள் அழுகினால் அழுகட்டும், நமக்கென்ன என்று இருக்க அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நீ நிலைநாட்டப் போகிறேன் என்கிறாயே ஒழுங்கு, அது இதுதான். வெள்ளத்தில் ஓடிப்போய் உதவி செய்கிறவனைப் பிடித்து நாலு தரம் உள்ளே போட்டால், அடுத்த வெள்ளத்தில் குழந்தை மிதந்து வந்தால்கூட ஊர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அப்போது சட்டம் மட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது உன் வழக்குக்கு வா. அந்த முதலாளியின் மகன்தான் இப்போதைய முதலாளி. உன் பெயரை நாற்காலிக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிராது கொடுத்தவரும் அவர்தான். நல்லவர், மரியாதைக்காரர், உன்னை ‘வாங்க வாத்தியாரே’ என்று கூப்பிடுகிறார். இருக்கட்டும். அந்த மூன்று பேரும் என்ன நினைத்துத் தோலை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திருடினார்களோ, காப்பாற்றினார்களோ, அவர்கள் வக்கீலாக நான் உனக்கு எழுதவில்லை. திருடியிருந்தால் தண்டனை கொடு, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் விசாரணை ஆரம்பித்ததும் முதலில் முதலாளியைக் கூப்பிடு. நாற்காலியை விட்டு எழுந்து நின்று பதில் சொல்லச் சொல். தோலை வாங்கும்போது உப்புப் போட்டிருந்ததா, ஈரமா, நல்லதா, கெட்டதா என்று கேள். இவர்கள் எடுக்காமல் விட்டிருந்தால் அது இன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேள். அவர் பதில் சொல்லாமல் மோதிரத்தைத் திருகினால், சொல்லுகிற வரைக்கும் காத்திரு. கோர்ட்டு சத்தம் போடும், மற்ற மெம்பர்கள் உன் காலை மிதிப்பார்கள். அதற்கெல்லாம் அசைகிறவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, எழுந்து வீட்டுக்குப் போய்க் கணக்கு வாத்தியாராகவே இரு. அதில் எனக்குப் பெருமை குறைந்துவிடாது.

திங்கட்கிழமை நான் வருகிறேன். உன் தங்கச்சி புருஷன் வண்டி பேசி வைத்திருக்கிறார், முன்வரிசையில் நீ போட்ட இடத்திலேயே உட்காருவேன். முதலாளியை முதலில் கூப்பிட்டு நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், அப்புறம் தீர்ப்பு எதுவானாலும் வாயைத் திறக்க மாட்டேன். கேட்காமல் அந்த மூன்று பேரின் பெயரைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னாயானால், நானும் எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்வேன். என்னைப் பார்த்து, அம்மா நீங்க எதுக்கு என்று கேட்காதே. தீர்ப்பை முன்னாடியே மூன்று பேருக்கு எழுதி வைத்திருந்தால், அதை அடித்துவிட்டு நாலு பேர் என்று எழுதிக்கொள்.

உன் அம்மா